முகத்துக்கும் தறிக்கும் ஒரே பிளேடு

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பாதி மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆம்பளை முகத்தை மழிப்பதைப் பற்றி ஒரு பொம்பளை என்ன எழுதுவது என்று எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரேசர்கள் என்னைப் படுத்திய பாட்டை எங்காவது சொல்லித் தீர்த்தால்தான் மனசு ஆறும்.

என் வீட்டுக்காரர் செவ்வாய், வெள்ளி தவிர தினமும் பட்டுத் தறியில் உட்காருவதற்கு முன்னால் சவரம் செய்துகொள்கிறவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு ஆம்பளைகள் எல்லாம் சலூனுக்குத்தான் போவார்கள். இவர் போக மாட்டார். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆணியில் கண்ணாடியை மாட்டி, ஒரு பழைய இரும்பு ரேசரால் தானே வழித்துக்கொள்வார். மீசையை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பளபளவென்று இருக்கும்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு நாள் காலையில் அந்த ரேசர் கல்மேல் விழுந்த சத்தம் கேட்டது. நான் அடுப்படியிலிருந்து, "என்னாங்க?" என்றேன். போய்ப் பார்த்தால் ஒரு கன்னம் மழித்திருக்கிறது, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. வலது கை ஈரத் துணி மாதிரி தொங்குகிறது. அப்படியே பாதி முகத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பாதி முகத்தைப் பார்த்தார்கள். பிழைத்து வந்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த முகத்தை எல்லோரும் பார்த்ததுதான் மனதில் தங்கிவிட்டது. விழுந்ததில் ரேசரின் மூடி ஒன்று வளைந்து, அதுவும் உதவாமல் போயிற்று.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குத் தவறாமல் கூட்டிவர வேண்டும். தள்ளிப்போட்டால் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு நீட்ட முடியாது. இவரோ வாசற்படி தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் எங்கயும் வரல."

தாடி வெள்ளையாக, ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாக வளர்ந்துகொண்டிருந்தது. கஞ்சி குடித்தால் அதில்தான் பாதி நிற்கும்.

மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். "சலூன்காரர வூட்டுக்கு வரச் சொல்லட்டுமா நைனா?" என்று கேட்டான்.

"வூட்டுக்கு வந்து சவரம் பண்றது எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? நான் இன்னும் போய்ச் சேரலடா." பேச்சுதான் குழறியது. கோபம் குழறவில்லை.

"அப்ப தாடிய வுட்டுடு நைனா. இப்ப எல்லாரும் தாடிதான் வெச்சிக்கினு கீறாங்க. கெத்தா இருக்குது."

"உன் மூஞ்சி மாரி ஆவணுமா எனக்கு?"

மகன் தன்னுடைய ட்ரிம்மரைக் கொண்டுவந்தான். அது மாவு மிஷின் மாதிரி கத்தியது. முடிந்ததும் இவர் இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "முள்ளு அப்படியே இருக்குது, எடுத்துக்கினு போ" என்றார். தானே இடது கையால் வழித்துப் பார்த்தார், கழுத்தில் கீறிக்கொண்டார். கடைசியில் மகன் என்னைப் பார்த்து, "நீயே பண்ணி வுடேம்மா" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான்.

என்ன சுலபமாகச் சொல்லிவிட்டான்! கல்யாணமான நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவர் கன்னத்தை நான் தொட்டதில்லை. முகத்தைக்கூட நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. முன்கட்டில் தறி ஓடுகிற வீடு எங்களுடையது, எப்போதும் யாராவது வந்து போவார்கள். பேசினால்கூட எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் பேசுவேன்.

முதலில் ரேசர் வாங்குவதே பெரும்பாடு. பாய் கடையில் மற்றவர்கள் எல்லாம் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். பாயே கூப்பிட்டார்.

"இன்னாம்மா வேணும்?"

"சவரம் பண்றது."

"ரெண்டு பிளேடு வெச்சதா, மூணு வெச்சதா?"

எனக்கு என்ன தெரியும்? "நல்லதா குடுங்க பாய்."

"எல்லாம் நல்லதுதாம்மா" என்று நீல நிறத்தில் பிளாஸ்டிக் ரேசர்கள் இருந்த ஒரு பையைக் கொடுத்தார். எல்லாம் நல்லது என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்கு அவரைப் பின்கட்டில் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டைக் கழுத்தில் சுற்றி, நுரை போட்டேன். முன்கட்டில் மருமகள் நெய்துகொண்டிருந்தாள். நான் ரேசரை எடுத்ததும் தறிச் சத்தம் நின்றது. அவள் பார்க்கவில்லை, காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தப் பிளாஸ்டிக் சனியன் ஓர் இழுப்பு இழுத்ததும் முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. தண்ணீரில் அலசினால் போகவில்லை. தட்டினால் போகவில்லை. ஊக்கால் நோண்டினேன். மறுபடி வைத்தால் வெட்டாமல் இழுத்தது.

"வழிக்கிறியா, புடுங்குறியா?" என்று கத்தினார்.

இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அதே கதை. அழுத்தினால் வெட்டும் என்று நினைத்து அழுத்தினேன். தேங்காய் துருவிப் பழகிய கை, அழுத்தத்தான் தெரியும். பிடி வளைந்ததே தவிர முடி போகவில்லை. தாடையில் ரத்தம் வந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்தினோம். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, சவரம் ஆகாது. எனக்கு அதில் கொஞ்சம் நிம்மதிதான்.

மகன் போனில் பார்த்து இரும்பு ரேசர் ஒன்று வரவழைத்தான். "செம பீஸும்மா. நைனாவோட பழைய ரேசர் மாரியே." பெட்டிக்குள் மூன்று துண்டாக இருந்தது: ஒரு மூடி, ஒரு தட்டு, ஒரு பிடி. அவருடைய பழைய ரேசரில் பிடியைத் திருகினால் மூடி தானாகத் திறக்கும். இது அப்படி இல்லை. காகிதத்தில் எறும்பு அளவுக்கு இங்கிலீஷ். மகன் வேலைக்குப் போய்விட்டான். சுவரலமாரியில் அவர் வைத்திருந்த பிளேடுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நானே பொருத்தினேன். பிளேடு உள்ளே போயிற்று, திருகும் இறுகியது. சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கரண்டியைக் கன்னத்தில் தேய்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நுரை மட்டும் வழிந்தது.

"பாத்திரமா கழுவுற?" என்றார்.

கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். பிளேடின் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டு காதோரம் கீறிவிட்டது. சாயங்காலம் மகன் வந்து ரேசரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"தட்ட குப்புற போட்டுக்கினு கீறம்மா! மேடு மேல வரணும். அப்பதான் பிளேடு வளையும்."

"சிரிக்காத. போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னா?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரியாகப் பொருத்திக் கொடுத்தான். இனிமேல் ஆகிவிடும் என்று நம்பினேன். மறுநாள் பார்த்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு முடியையும் பிடித்து இழுத்தது. பிளேடுதான் பழசு போல என்று சுவரலமாரிப் பெட்டியிலிருந்து வேறு பிளேடு எடுத்துப் போட்டேன். அதுவும் இழுத்தது. இன்னொன்று போட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போதும், வுட்டுடு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரேசரைத் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டெறிந்தேன். காபி டம்ளரை அவர் வலது கையில் வைத்துப் பார்த்தேன். விரல்கள் சுற்றிப் பிடிக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டால் மறுபடி உள்ளுக்கு மடங்கின. முந்தின வாரம் இவ்வளவு இறுக்கம் இல்லை. ஒரு முகத்தை மழிக்கத் தெரியாமல் ஒரு கையை இழக்கப் போகிறோமே என்று இருந்தது.

ஈரத்துண்டால் மிச்ச நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்வாசல் வெயில் கன்னத்தில் விழுந்தது. தாடிக்குள் ஏதோ மின்னியது. சோப்பு என்று நினைத்து விரலால் எடுத்தேன். சோப்பு இல்லை, ஜரிகைத் துணுக்கு.

எறிந்த ரேசரைப் பொறுக்கி எடுத்துத் திருகிப் பார்த்தேன். பிளேடு ஓரத்தில் மஞ்சளாகப் பொடி. அலமாரிப் பெட்டியை எடுத்து வந்து பிளேடு சுற்றிய காகிதங்களைப் பார்த்தேன். கம்பெனி மடிப்பு இல்லை. கோயிலில் குங்குமம் மடித்துத் தருவார்களே, அந்த மடிப்பு. அது எங்கள் வீட்டுக் கைதான்.

"இந்த பிளேட யாரு எடுத்தது?" என்று முன்கட்டுக்குப் போய்க் கேட்டேன். நான் சத்தம் போட்டு மருமகள் கேட்டதில்லை. தறியில் இருந்து எழுந்தே விட்டாள்.

"நான்தான் அத்த."

"எதுக்கு?"

"பொடவையில புட்டா பூவுக்குப் பின்னால தொங்குற ஜரிகைய நறுக்கத்தான். மாமா எப்பவும் தறி மரத்து இடுக்குல ஒரு பிளேடு சொருகி வெச்சிருப்பாரு. அவருக்கு முடியாம போனதிலேர்ந்து அங்க ஒன்னுமே இல்ல. அதான் புதுசு எடுத்தேன். வேஸ்ட் பண்ணல அத்த. ஒவ்வொரு தரமும் தொடச்சி, மடிச்சி, அங்கயே வெச்சிட்டேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பிளேடு முதலில் முகத்துக்கு, முகத்தில் மழுங்கினால் தறிக்கு. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. தானே கழற்றித் தானே சொருகிவிடுவார். எனக்கே அது கவனத்தில் இல்லை. முகம் மழிக்காததால் தறிக்குப் பழைய பிளேடு வரவில்லை. தறிக்கு வராததால் புது பிளேடு ஜரிகைக்குப் போயிற்று. வெள்ளிக் கம்பி சுற்றிய ஜரிகையை நறுக்கின பிளேடு முகத்தில் என்ன செய்யும்? நான் ரேசரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்கட்டிலிருந்து குழறலாகச் சத்தம் வந்தது. "அவள ஏன் திட்டுற? ரெண்டு பேரும் சேந்து என்னிய பொடவையா ஆக்கிட்டீங்க. முந்தானையாவது நல்லா வந்துக்கீதா பாரு."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் பாய் கடைக்கு ஓடிப் பிரிக்காத பிளேடுப் பெட்டி வாங்கி வந்தாள். வெந்நீரும் அவளே வைத்தாள்.

வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்து, தாடி இளகினதும் நுரை போட்டு, புது பிளேடு மாட்டி, தட்டின் மேடு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரேசரை வைத்தேன். அழுத்த வேண்டியே இல்லை. அதன் கனமே போதும். சரசரவென்று ஒரு கோடு வெளுத்தது.

வாதம் விழுந்த பக்கம் வந்தபோது மறுபடி தொல்லை. ஆம்பளைகள் நாக்கால் கன்னத்தை உப்ப வைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தில் அவருக்கு அது முடியாது. கன்னம் குழிந்து உள்ளே போனது. பிறகு என் இடது கட்டைவிரலை அவர் வாய்க்குள் விட்டுக் கன்னத்தை உள்ளிருந்து தள்ளிப் பிடித்தேன். மருமகள் வெந்நீர்ச் சொம்போடு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது? பிளேடு இருக்கிறதே.

முடித்ததும் மீசையைக் கத்திரியால் இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டிவிட்டு, கண்ணாடியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"மீச கோணலா இருக்குதே."

"மீச நேராதான் இருக்குது. வாய்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் கோணலாகத்தான் வந்தது. "சரி, ஆட்டோவ கூப்புடு" என்றார்.

அன்றைக்கே போனோம். பயிற்சி கொடுக்கிற பெண் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் லேட்டு, ஆனா வந்துட்டீங்க" என்றாள். இப்போது டம்ளரைப் பிடிக்கிறார், ரேசரைப் பிடிக்க வரவில்லை. ஆகவே நான்தான் மழிக்கிறேன். தாடைக்குக் கீழே ஓர் இடத்தில் முடி சுழியாக வளர்கிறது, அங்கே ஒவ்வொரு தடவையும் கீறல் விழுகிறது, ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்குகிறேன். இரும்போ பிளாஸ்டிக்கோ, ஒரு ரேசரையும் நான் நம்புவதில்லை. மழுங்கின பிளேடை மட்டும் மறக்காமல் தறி இடுக்கில் சொருகிவிடுகிறேன்.

ரேசரில் தட்டின் மேடு மேலே என்று எழுதியிருக்கிறேன். மகன் அப்படிச் சொன்னதாகத்தான் ஞாபகம். தட்டைக் குப்புறப் போட்டது முன்னாலா, ஜரிகை பிளேடு முன்னாலா என்பதும் எனக்குத் திடமாக இல்லை. என்னை நம்பி யாரும் முகத்தை வெட்டிக்கொள்ள வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருதரம் ரேசரைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.