திம்பம் மலையில் குதித்த சுபேதார்

தொண்ணூற்று நான்கில் நானும் அந்த சுபேதாரும் ஒரே நாளில் பட்டாளத்தை விட்டு வந்தோம். பெங்களூரில் ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பில், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்த தன் வீட்டுக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார். ஆளைவிட மீசைதான் பெரிது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்க்கவே மாட்டார். மீசையைப் பார்த்துச் சீவிக்கொண்டே ஓட்டுவார்.

திம்பம் இறக்கத்திலும் கையில் சீப்பு இருந்தது.

"ஏனுங்க சார், பிரேக் புடிக்குதுங்களா?" என்றேன்.

"பயந்தாங்கொள்ளிக்குத்தான் பிரேக் வேணும். கம்முனு உக்காரு."

அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மனுசன் வெளியே குதித்துப் புதரில் உருண்டார். நான் எட்டி ஸ்டீயரிங்கை ஒடித்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் முட்டி வண்டியை நிறுத்தினேன். அவர் சீப்பைத் தேடி எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கி, சத்தியமங்கலத்தில் பிரேக்கைச் சரிசெய்து வீடு சேர்ந்தோம். வாசலில் அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்.

"மலையில பிரேக் போயிருச்சு. இவன் குதிச்சுப்போட்டான், நாந்தான் வண்டிய நிறுத்துனேன்" என்றார் சுபேதார், கூச்சமே இல்லாமல்.

அந்தம்மா கசங்காத என் சட்டையைப் பார்த்தார். பிறகு புருசனின் கிழிந்த முழங்காலையும், உடம்பெல்லாம் அப்பியிருந்த ஒட்டுப்புல்லையும் பார்த்தார்.

"நீங்க முன்னால வந்து நில்லுங்ணா" என்று எனக்குத்தான் முதலில் ஆரத்தி சுற்றினார்.

சுபேதார் மீசையைச் சீவிக்கொண்டே தன் முறைக்காகக் காத்திருந்தார்.