மாமரத்துப் புல்லுருவி தேடி முட்டம் வரை

முட்டம் கடற்கரைக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு என் முதல் பயணத்தைச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பு இருக்கலாம். நடந்ததில் தப்பு இருக்காது. 1954, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. கடல் பார்க்கப் போகவில்லை, புல்லுருவி பறிக்கப் போனோம்.

அப்போது குழித்துறையில் இருந்தோம். என் மாமியாருக்கு இழுப்பு நோய். ஒன்பது ராத்திரியாகப் படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தே இருந்தார். நெஞ்சுக்குள் ஈர்க்கில் உரசுகிற மாதிரிச் சத்தம். ஆற்றங்கரை வைத்தியரை எல்லோரும் ஆசான் என்போம். அவர் சொன்னார்: “மாவுல உள்ள புல்லுருவி வேணும். தாய்க்கம்போட ஒடிச்சுக் கொண்டு வரணும் மக்களே.” மாவு என்றால் எங்கள் பேச்சில் மாமரம்.

புல்லுருவிக்கு மண்ணில் வேர் கிடையாது. குருவி எச்சத்தோடு விதை கொப்பில் ஒட்டி முளைத்து, அந்த மரத்தின் சாரையே குடித்து வளரும். அது ஒட்டியிருக்கும் மரத்தின் கொப்பைத்தான் ஆசான் தாய்க்கம்பு என்றார். ஒரு சாண் கம்போடு ஒடித்தால் எந்த மரத்தது என்று பார்த்ததும் தெரியும். எங்கள் பக்கத்து மாமரங்களில் இருந்ததை எல்லாம், காய்ப்பு குறைகிறது என்று மார்கழியிலேயே வெட்டிவிட்டார்கள். மணவாளக்குறிச்சியில் தெரிந்தவர் தோப்பு இருந்தது. நானும் மாமியாரின் தங்கை தங்கம்மையும் புறப்பட்டோம். எனக்கு அவள் சின்னமாமி. என் கல்யாணப் பந்தியில் எனக்குப் பப்படம் வைக்காமல் போனவள்.

காலை ஆறு மணி பஸ். தக்கலைக்கு ஒன்பது மைல், ஐந்து அணா. கண்டக்டர் விறகுக் கட்டோடு ஏறிய ஒருவரை வழியிலேயே இறக்கிவிட்டார். “கம்பும் கொப்புமா ஏறினா ஆளுக்க கண்ணுல குத்தும். எறங்கும் வேய்!” என்றார். சின்னமாமி அதைக் கவனித்தது எனக்குத் தெரியும். தக்கலையில் பஸ் மாறி, நெய்யூர் வழியாக மணவாளக்குறிச்சி போய்ச் சேரும்போது மணி ஒன்பது.

தோப்புக்காரர் நல்ல மனுஷன். தானே ஏறி, கம்போடு ஒடித்துப் போட்டார். பத்தரைக்கு முடிந்தது. எங்கள் ஓலைக் கடவப் பெட்டியில் சரியாகப் பாதி நிறைந்தது. திரும்பும் பஸ் இரண்டு மணிக்குத்தான்.

“முட்டம் மூணு மைலுதான். கடலு பாத்திருக்கியாட்டி?” என்றாள் சின்னமாமி.

“இல்ல சின்னமாமி.”

“இருவது வயசாச்சு, கடலு பாக்கலியா! வா, நடப்போம்.”

போக ஒரு மணி நேரம். வீட்டில் மாமியார் மூச்சுக்குத் தவிக்கும்போது கடல் பார்க்கப் போனது சரியில்லைதான். ஆனால் அந்தப் பாறைகளில் அலை ஏறி வெள்ளையாகச் சிதறியதைப் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கால் நனைத்து நின்றேன். ஒரு மீன்காரி, “பைய மக்கா, பாறை வழுக்கும்!” என்று கத்தினாள். முக்கால் மணி நேரம் இருந்திருப்பேன். சின்னமாமி மேலே மர நிழலில் கடவத்தோடு இருந்தாள்.

நான் ஏறி வந்தபோது கடவத்தின் மேல் அவளுடைய துண்டு மூடிக் கட்டியிருந்தது. வெயிலில் வாடாமல் இருக்க என்றாள். நானும் நம்பினேன்.

குழித்துறையில் இறங்க மணி ஐந்து. நேராக ஆசான் வீடு. அவர் துண்டை அவிழ்த்தார். வெறும் இலையும் புல்லுருவிக் குச்சியும். ஒரு மாங்கம்பு கூட இல்லை.

“இதுக்க தாய் எங்க?” என்றார் ஆசான்.

“கண்டக்டரு எறக்கி விட்டுருவான்னு அதையெல்லாம் ஒடிச்சுக் களஞ்சேன் ஆசானே. எலை போராதா?”

எனக்கு உள்ளே ஏதோ உறைத்தது. “சின்னமாமி, பறிக்கும்போ கடவம் பாதிதானே இருந்து? இப்போ விளிம்பு வரைக்கும் இருக்கே?”

“அமந்திருந்தது பொங்கியிருக்கும்.”

“கம்பைக் களஞ்சா கொறையத்தானே செய்யும்?”

சின்னமாமி என்னை முறைத்தாள். பிறகு ஆசானைப் பார்த்து இளித்தாள். “நிழலுக்கு இருந்த மரத்துலயும் கைக்கெட்ட நெறைய இருந்து. அக்காளுக்கு ஒரு வாரத்துக்கு ஆவட்டுமேன்னு பறிச்சேன்.”

“என்ன மரம் தங்கம்மே?”

“காஞ்சிரம்.”

காஞ்சிரம் என்றால் எட்டி மரம். ஆசான் கடவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எட்டிக்க வெசத்தையும் சேத்துக் குடிச்சு வளந்ததுட்டி இது. கஷாயம் உள்ள போனா தாடை இறுகும், உடம்பு வில்லா வளையும். இழுக்க மூச்சும் நின்னுரும்.”

“நான் பறிச்சது எனக்குத் தெரியாதா? பிரிச்சுத் தாறேன்” என்று உட்கார்ந்தாள். ஒரு இலையை எடுத்து, “இது மாவு” என்றாள். ஆசான் அதன் நுனியை நகத்தால் கிள்ளி, குவியலில் போட்டுக் கலக்கி, மறுபடி அதையே எடுத்துக் காட்டினார்.

“இதா? இது காஞ்சிரம். பாத்தாலே தெரியுதே!” என்றாள் சின்னமாமி.

ஆசான் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒரு கை அளவாவது நல்லது தேறாதா ஆசானே? மாமி இனியும் தாங்க மாட்டாங்க.”

“தாங்காதுன்னுதான் மக்களே சொல்லுகேன். எனக்கே பிரிக்கத் தெரியாது. மருந்துக்குக் காத்திருக்காத, இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.” ஆடுமாடு தின்னாதபடி எல்லாவற்றையும் அவரே குழி தோண்டிப் புதைத்தார்.

வாடகைக் கார் ஆறு ரூபாய். காலையில் போன அதே சாலையில் அன்றைக்கே மறுபடியும். நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மாமியார் கட்டிலில் காலை நீட்டி மல்லாந்து படுத்திருந்தார். நடந்ததை எல்லாம் நான் சொன்னேன், கடல் பார்த்ததையும் சேர்த்து.

மருமகள் கடலில் ஆடிக்கொண்டு நின்றதால்தான் மருந்து வீணாயிற்று என்று சின்னமாமி ஊரெல்லாம் சொன்னாள். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை அவள் சாகும்வரை சொல்லவில்லை. அதை நான் மன்னிக்கவும் இல்லை.

போகிறவர்களுக்கு: முட்டத்தில் காலை வெயில் ஏறுவதற்கு முன் பாறைக்குப் போங்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது புல்லுருவிப் பொடி விற்றால், எந்த மரத்தில் பறித்தது என்று கேளுங்கள். மாமரம் என்று சொன்னாலும், அந்த மரத்தை அவர் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள். அப்படியே பார்த்திருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடவே வேண்டாம். மூச்சு முட்டினால் இலை தேடி அலையாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமியார் அதற்குப் பிறகு பதினேழு வருஷம் இருந்தார். தங்கை வீட்டுக்குப் போனால் காப்பி வரும். டம்ளரைக் கையில் வாங்காமல், சிரித்துக்கொண்டே சொல்வார்: “மொதல்ல நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டு தங்கம்மே.”