தறிச் சத்தத்தில் கேட்காத குரல்

சோமனூர் பக்கம் சொந்தமாக நாலு விசைத்தறி வைத்திருக்கிறோம். நானும் கணவரும் உள்ளே தறி ஓட்டும்போது, நாலு வயது மகள் வாசலில் வேப்பமரத்தில் கட்டிய வெள்ளாட்டோடு விளையாடுவாள். யாராவது கேட்டால், "தொணைக்கு ஆடு இருக்குதுங்க" என்பேன்.

ஒரு மதியம் கரண்ட் போனது. தறிகள் நின்ற பிறகுதான் ஆடு கத்துவது கேட்டது. ஓடினேன். ஆட்டுக் கயிறு மகளையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றி, அவள் கழுத்தில் இறுகியிருந்தது. மிரண்ட ஆடு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. கயிற்றை அறுத்தோம். மூச்சு திரும்பியதும், "அம்மா, எத்தன வாட்டி கூப்புட்டேன், ஏன் வரல?" என்றாள்.

பிழைத்துவிட்டாள். கழுத்தில் தழும்பு இருக்கிறது. இப்போது ஆட்டைக் கயிற்றில் கட்டுவதில்லை, பட்டியில் அடைக்கிறோம். மகளும் என் கண் முன்னேதான் இருக்கிறாள். ஆனாலும் நூல் அறுந்தால் மட்டும் நிறுத்த வேண்டிய தறியை, அறாதபோதே நிறுத்திவிட்டு, "கூப்புட்டியா கண்ணு?" என்று கேட்கிறேன்.