அடுப்பு இருக்கும் பக்கம்

பிற்பகல் மூன்றே காலுக்குச் செய்தி வந்தது. நில அளவையர் இறந்துபோய்விட்டார். எல்லைக் கற்களை நட்டவர் என்பதால் தெருவே அவரைக் ‘கல்லு மாமா’ என்றுதான் கூப்பிடும்.

மாநிலத்தை இரண்டாகப் பிரித்தபோது கோடு எங்கள் தெரு வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. முன்கூடம் ஒரு மாநிலம், சமையலறை இன்னொன்று. அப்படி வெட்டுப்பட்ட வீட்டுக்கு அடுப்பு எரியும் பக்கமே மாநிலம் என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. எங்கள் அடுப்பு வடக்கில். நான் படித்த கல்லூரி தெற்கில். பிரிவினைக்குப் பின் அங்கே தெற்கு மாநிலத்தாருக்கு மட்டுமே இடம். எனக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி.

அளக்க வருகிற அன்று, விடிவதற்குள் அம்மா அடுப்பைத் தூக்கி முன்கூடத்தில் வைத்துவிட்டாள். சந்தேகம் வராதிருக்க உலையும் ஏற்றினாள். மாமா வந்தார், நாடாவை விரித்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அடுப்பு நடந்து வந்துருச்சு, சரி. கரி மட்டும் ஏன்க்கா அங்கயே தங்கிருச்சு?”

அம்மா உலையை இறக்கி வைத்தாள். “பொண்ணு படிப்பு போயிரும் தம்பி,” என்றாள்.

“பொய் எழுத மாட்டேன்க்கா. ஆனா இதோட விடவும் மாட்டேன்.”

வடக்கு என்றே எழுதினார். கல்லை நட்டு நட்டு மனசும் கல்லாகிவிட்டது என்று அம்மா அவர் காதுபடவே சொன்னாள். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ விடுப்பெடுத்து, வெட்டுப்பட்ட முப்பத்தொரு வீடுகளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு தலைநகரங்களுக்கும் நடையாய் நடந்தார். இங்கே கேட்டால் அங்கே போ என்றார்கள். அங்கே போனால் இங்கே. ஏழாவது மாதம் இரு அரசுகளும் சேர்ந்து ஆணையிட்டன: எல்லை வீட்டுப் பிள்ளைகள் இரு மாநிலத்துக்கும் உரியவர்கள். மாநிலச் சான்று காட்டக் கல்லூரி எனக்குக் கொடுத்திருந்த கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது.

வடக்கத்திச் சோற்றைத் தின்று தெற்கத்திப் பட்டம் வாங்கியவள் என்று கடைசிவரை கேலி செய்வார். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். எந்த மாநிலம் என்று யாராவது கேட்டால் இரண்டும் என்பேன். அப்படிச் சொல்லும் உரிமை அவர் தேய்த்த செருப்பில் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பிள்ளைகளுக்கான எல்லைச் சான்று விண்ணப்பங்களை அவரே நிரப்பிக் கொடுத்தார். இன்று அவர் மேசையில் எதிர்வீட்டுக் குழந்தையுடையது இருந்தது. தாயின் பெயர் வரை எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை.