தலைப்பிரசவம் தாய் வீட்டில்

எங்கள் போடி ஆராய்ச்சி நிலையத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரி பேர் இருக்கிறது, மொக்கம்மாள் பேர் இல்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

1981. மலைச்சரிவின் ஏலத்தோட்டங்களை நோய் தின்றுகொண்டிருந்தது. இலையில் மஞ்சள் கோடு விழும், செடித்தூர் குட்டையாகும், பிறகு காய்க்காது. மருந்தே கிடையாது. மொக்கம்மாளும் அவர் கணவர் கன்னையனும் பாடுபட்ட ஒரு ஏக்கரில் ஒரே ஒரு தூர்தான் நோய் அண்டாமல் சரம் சரமாகக் காய்த்தது. அதன் கன்றுகளை வைத்துத் தோட்டத்தை மீட்டுவிடலாம் என்று நம்பியிருந்தார்கள்.

அப்போதுதான் போடியில், ஏலக்காய் மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிட்டங்கியில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தது. அங்கிருந்து வந்த விஞ்ஞானி வீரலட்சுமி அந்தத் தூரின் குருத்துகளைக் கேட்டார். புட்டிக்குள் வைத்து ஆயிரக்கணக்கில் கன்று வளர்க்கலாமாம்.

“குடுத்துறாதீக மதினி, இருக்கிற ஒண்ணும் போயிரும்” என்றார் பக்கத்துத் தோட்டத்துச் சுருளி.

நல்ல தூரின் கன்றை வெளியே கொடுப்பது மொக்கம்மாள் வீட்டு வழக்கமில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தால் மட்டும் சீரோடு ஒரு கன்றும் போகும்.

“அப்பப் பொண்ணு குடுக்கிற மாதிரியே குடுக்கிறேன்” என்றார் மொக்கம்மாள். “தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். மொதக் கன்னு எந்தோட்டத்துக்கு வரணும்.”

வீரலட்சுமி சிரிக்கவில்லை. “சரிங்க ஆத்தா” என்றார்.

அடுத்த ஐப்பசி மழையில் சரிவு இடிந்து, அந்தத் தூர் மண்ணோடு போனது. மொக்கம்மாள் பஸ்சேறிக் கிட்டங்கிக்கு ஓடினார். அங்கேயும் பூஞ்சணம் பிடித்து முக்கால்வாசிப் புட்டிகள் பாழ். ஒரு தட்டில் மட்டும் ஹார்லிக்ஸ் புட்டிகளுக்குள் விரல் நீளப் பச்சை.

“எம்மகளைப் பட்டினி போட்டீகளா?” என்று சண்டை பிடித்துவிட்டு, அந்தப் புட்டிகளைப் பார்த்து அழுதார். அதன்பின் மாதாமாதம் போனார். நிலையத்துக்கு ஜெனரேட்டர் வந்தது, குளிரறை வந்தது, ஆட்கள் கூடினார்கள். எல்லாரும் அவரைச் சம்பந்தியம்மா என்றே கூப்பிட்டார்கள்.

1985-இல் வாக்குத் தவறாமல் முதல் லோடு கன்றுகள் ஜீப்பில் மலையேறின. மூன்றாம் வருடம் தோட்டம் முழுக்கக் காய்த்தது. கன்று கேட்டு முதலில் வந்து நின்றவர் சுருளிதான்!

“எங்கிட்ட எதுக்கு? சம்பந்தி வீட்டுல கேளுங்க” என்றார் மொக்கம்மாள்.

அந்த வருடமே நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் திறந்தார்கள். முதல் சரத்தை வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் ஏந்தி மொக்கம்மாள் வாசலுக்கு வந்தார். அழைப்பிதழ் எங்கே என்றார் காவலாளி.

“நான் பொண்ணு குடுத்த வீடுப்பா. எனக்கெதுக்கு அழைப்பு?”

பின்னால் மந்திரி கார் வந்து நின்றது. வீரலட்சுமி ஓடிவந்து முதலில் தாம்பாளத்தைத்தான் வாங்கினார்.