கோப்பையைத் தொடாதவன்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொன்னவர் ஐஸ் ஹாக்கி பார்த்திருக்க மாட்டார். என்னைப் பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்.

என் பெயர் கார்னெட் பிலிப்சக். பனி கொட்டும் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஹார்லோ என்ற ஊரில் வீட்டு ஹீட்டர்களையும் வெந்நீர் பாய்லர்களையும் பழுது பார்க்கிறேன். என் வண்டியின் பக்கவாட்டில், ‘ஹாக்கிக்கு மோசமான ஆள், ஹீட்டருக்கு நல்ல ஆள்’ என்று எழுதியிருக்கும். நானே எழுதி வைத்ததுதான். ஊர் சிரிப்பதற்கு முன் நாமே சிரித்துவிட்டால் வலி பாதியாகக் குறையும். தொழிலும் நடக்கும்.

பதினெட்டு வயதில் நான் பெரிய புள்ளி. ஒவ்வொரு ஜூன் மாதமும் பெரிய அணிகள் வரிசையில் வந்து நாட்டிலுள்ள இளசுகளைப் பொறுக்கி எடுக்கும். போன பருவத்தில் எந்த அணி அடிமட்டத்தில் கிடந்ததோ அதற்குத்தான் முதலில் எடுக்கும் மரியாதை. தோற்றவன் வீட்டில் நாளைக்காவது விளக்கெரியட்டும் என்ற நல்லெண்ணம். அந்த வருடம் மூன்றாவதாகப் பொறுக்க வந்த அணி என் பெயரைச் சொன்னது. மேடையேறி அவர்கள் சட்டையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டேன். என் அம்மா அழுதாள். அந்த அணியின் ரசிகர்கள் அழுவதற்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

என்னோடு ஒரே அணியில் ஆடி வளர்ந்த லைல் ஓஸ்ட்பியும் அங்கே உட்கார்ந்திருந்தான். அரங்கம் காலியாகி, துப்புரவுக்காரர்கள் நாற்காலிகளுக்கு நடுவே குப்பை பொறுக்க ஆரம்பித்த பிறகு, இருநூற்றுச் சொச்சமாவது ஆளாக யாரோ அவன் பெயரைத் தப்பும் தவறுமாகப் படித்தார்கள். திரும்பி வரும்போது நான் அவன் தோளில் கை போட்டு, “விடுறா, உனக்கும் ஒரு காலம் வரும்” என்று ஆறுதல் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

பெரிய அணியில் நான் ஆடியது பதினொரு ஆட்டம். ஒரே ஒரு கோல். அதுவும் வேறொருவன் அடித்தது, என் பின்புறத்தில் பட்டு உள்ளே போயிற்று. காயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சியாளர் என்மேல் வன்மம் வைத்திருந்தார் என்று சொல்லவும் வழியில்லை, மனிதர் தங்கம். பையன்களுக்கு நடுவில் நான் மின்னல். பெரியவர்களுக்கு நடுவிலோ, நான் போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் சின்னச் சின்ன அணிகள், பஸ்ஸிலேயே தூக்கம், பஸ்ஸிலேயே சாப்பாடு. இருபத்தாறில் ஊருக்கு வந்து என் மாமாவிடம் ஹீட்டர் வேலை கற்றேன்.

எங்கள் ஊர் மேயர் வெர்ன்தான் பெட்ரோல் பங்குக்கும் முதலாளி. பங்கின் காபி மூலையில் குளிர்காலம் முழுக்க ஒரே விவாதம்தான் ஓடும். குட்டியாகப் பிடித்து வளர்த்தால் அணி ஜெயிக்குமா, தேர்ந்த ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவந்தால் ஜெயிக்குமா?

“குட்டியிலயே புடிக்கணும். அப்பத்தான் டீம்னு ஒண்ணு நிக்கும்” என்பார் வெர்ன்.

“எதுக்கு? பழுத்ததாப் பாத்து எடுத்துட்டு வந்தா ஆச்சு” என்பாள் என் மனைவி நோரீன். “காயா எடுத்து வச்சா என்ன ஆகும்னு எங்க வீட்லயே ஒண்ணு கெடக்கு, வந்து பாருங்க.”

“ஒரு கொட்டை சொத்தையாப் போச்சுன்னா தோப்பே வேணாம்னுவியா?”

அந்தச் சொத்தைக் கொட்டை எழுந்துபோய் இரண்டு பேருக்கும் காபி ஊற்றிக் கொடுக்கும். இரண்டு கட்சிக்கும் நான்தான் சாட்சி. என்னை எடுத்த அணி அதற்கப்புறமும் விடாமல் பையன்களாகப் பொறுக்கியது. விடாமல் தோற்றது. போன ஜூனில் வேறொரு அணி கோப்பையை வென்றது. அதில் சொந்தமாக வளர்த்த பையன்கள் மூன்று பேர் பேயாட்டம் ஆடினார்கள். மற்றவர்களெல்லாம் அங்கிருந்தும் இங்கிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவன், ஐந்தாவது அணிக்கு வந்துவிட்ட, முப்பத்தேழு வயது லைல். ஆக வெர்னும் ஜெயித்தார், நோரீனும் ஜெயித்தாள். நான் வழக்கம்போல.

வென்றவர்கள் ஆளுக்கு ஒருநாள் கோப்பையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோகலாம். லைல் ஆகஸ்டில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தான். அன்று காலை நோரீன் எனக்கு இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

“போட்டோ எடுக்கணும். ரெண்டு பேரும் அதுமேல கை வச்சு நிக்கணும், சரியா?”

“நான் பக்கத்துல நிக்கிறேன். கை வைக்க மாட்டேன்.”

“ஏன்?”

“வெளையாடுறவங்க ஜெயிக்காம அதத் தொடக்கூடாது. தொட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் ஜெயிக்க முடியாது. ஒனக்குத் தெரியாதா?”

“வெளையாடுறவங்க தானே தொடக்கூடாது? நீ நேத்து மெக்லவுட் வீட்டு பாய்லர்லேருந்து செத்த எலி எடுத்தே.”

“ஐதீகம்னா ஐதீகம்தான்” என்று சொல்லிவிட்டுச் சட்டையில் தலையை நுழைத்துக்கொண்டேன்.

அறுவடை இயந்திரங்களை வயலிலேயே நிறுத்திவிட்டு ஊரே வந்திருந்தது. கோடையானதால் பனி இல்லாத ஹாக்கி அரங்கின் சிமெண்டுத் தரையில் ஒரு மேசை, அதன்மேல் கோப்பை. அதோடு கூடவே பயணம் செய்யும் காவலர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். குழந்தைகள் அதற்கு முத்தம் கொடுத்தார்கள். யாரோ அதில் பீர் ஊற்றிக் குடித்தார்கள். மாதாகோவில் பெண்கள் அதில் பெரோகி கொழுக்கட்டைகளைக் கொட்டி லைலுக்கு ஊட்டினார்கள். மெக்லவுட் வீட்டு நாய்கூட ஒரு நக்கு நக்கியது. மொத்த ஊரிலும் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

“வாடா, மூணாம் நம்பரு!” லைல் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டான். முன்பற்கள் நாலைக் காணவில்லை. “கை வைடா.”

அப்போது மைக்கைப் பிடித்திருந்த வெர்ன் கத்தினார். “ஐயையோ, கார்னெட்! தொட்டுத் தொலைச்சிராதே! அடுத்த சீசனுக்கு ஒன்னயக் கூப்பிட்டா என்னடா பண்ணுவே?”

அரங்கமே அதிர்ந்தது. அன்றைய ஜோக்குகளிலேயே அதுதான் முதல்தரம். அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன். எல்லோருக்கும் முன்னால் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் தொடாததற்கு உண்மையான காரணமே அதுதான்.

பெல்ட்டுக்கு மேல் வழியும் தொப்பை, மாடிப்படி ஏறினால் முனகும் முழங்கால், இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செப்டம்பரிலும், அணிகள் பயிற்சிக்குக் கூடும் நாட்களில், கூரைமேல் ஏறினாலும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். வாடிக்கையாளர்களுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். செப்டம்பரில் யாருக்கய்யா ஹீட்டர் கெடுகிறது?

நோரீன் என் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

“இன்னுமா, கார்னெட்?”

“தெரியல.”

“சரி விடு. போட்டோவெல்லாம் வேணாம். வா, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடலாம்.”

லைலும் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவசரம் ஒண்ணும் இல்லடா. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கும்” என்றான்.

அவர்களும் கேலி செய்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கேலிக்கு என்னிடம் எப்போதும் பதில் உண்டு. கருணையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. இரண்டு பேரும் என்னைக் கூட்டத்தின் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஊரறிந்த சொத்தையை, அவனே அறியாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு விதையோடு சேர்த்து.

பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தேன். கோப்பையின் வயிற்றில் உள்ளங்கை முழுக்கப் பதிய வைத்தேன். ஜில்லென்றிருந்தது. பீர் பிசுபிசுப்பும் வெண்ணெயும் கையில் ஒட்டின. இடி இடிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வெர்ன் மைக்கில் யாரோ ஒருவருடைய வண்டியை வழியிலிருந்து நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். மூக்கு ஒழுக, சத்தம் வர, பிள்ளை மாதிரி அழுதேன். நோரீன் என் முழங்கையை விடவே இல்லை.

காவலர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு நான் கையை எடுத்ததும் ஒரு துணியால் என் ஐந்து விரல் தடத்தையும் பளபளவென்று துடைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துச் சொன்னார்:

“அடுத்தவங்க வாங்க.”