6.40 மினி பஸ் நின்றுபோன கதை: பெண்ணையாற்றங்கரையிலிருந்து திண்டிவனம் வரை

போன மாதம் ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெண்ணையாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தைப் பற்றி நான் முன்பு எழுதியதை நம்பி, வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறார். “காலை 6.40க்கு மினி பஸ் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். 6.20 முதல் 8.30 வரை நின்றோம், எதுவும் வரவில்லை. தயவுசெய்து திருத்திவிடுங்கள்.”

நேரம் மாறியிருக்கும், நேரில் போய்ப் பார்த்துத் திருத்திவிடலாம் என்று ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

அந்தப் பழைய பதிவைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று அந்த மினி பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு வெண்டைக்காய் மூட்டைகள். பின் சீட்டு முழுக்க அவைதான், நடுவழியிலும் இரண்டு. ஒன்று என் காலில் இடித்தது. கண்டக்டரிடம் சத்தம் போட்டேன். படம் எடுத்து, ‘மனிதர்கள் நிற்க, மூட்டைகள் உட்கார்ந்து வரும் பஸ்’ என்று எழுதினேன். வண்டி எண்ணோடு புகாரும் அனுப்பினேன். நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பதில் வந்ததும் அதையும் பதிவின் கீழே சேர்த்தேன். உங்களில் பலர் பாராட்டினீர்கள். நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று நின்றுகொண்டு வந்தவன் நான் ஒருவன்தான். முன்பக்கம் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம் இல்லையே என்று நான் உட்காரவில்லை.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.50க்கு பஸ் ஏறினேன், 135 ரூபாய். 8.55க்கு விழுப்புரம். நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி: 55 ரூபாய். அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர் 22 கிலோமீட்டர், டிக்கெட் 25 ரூபாய், ஐம்பது நிமிடம். வழி முழுக்கக் கரும்பும் நெல்லும். வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. கிராமம் அங்கிருந்து இன்னும் ஏழு கிலோமீட்டர். முன்பு மினி பஸ்ஸில் எட்டு ரூபாய் கொடுத்த தூரத்துக்கு ஆட்டோவில் இருநூறு கேட்டார்கள்.

“மினி பஸ் எப்பங்க வரும்?” என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் நின்னு எட்டு மாசம் ஆவுதுங்க. எவனோ மெட்ராஸ்காரன் போட்டோ புடிச்சி கம்ப்ளைண்ட் குடுத்துட்டான். அதுலருந்து ஒரே பேஜாரு. எனக்கு சவாரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஊருக்காரங்க பாவம்.”

ஆற்றில் இப்போது தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

ஊர் முனையிலேயே ஒரு வெண்டைக்காய்க் கொல்லை. பழைய காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மா காய் பறித்துக்கொண்டிருந்தார். வெண்டைச் செடியின் சுனைமுள் அரிக்காமல் இருக்கத்தான் காலுறை. பெயர் சகுந்தலா. ஐம்பது வயதிருக்கும். பக்கத்து வரிசையில் அவர் மகள் தலையைக் குனிந்தபடி பறித்துக்கொண்டிருந்தாள். பஸ் நேரம் விசாரிக்க வந்தேன் என்றேன். சகுந்தலா அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி காயில் கை வைத்தார்.

“அந்த நேரத்துல ஏறுறது அஞ்சாறு ஜனந்தான் தம்பி. அந்தக் காசு டீசலுக்கே பத்தாது. மூட்டைக்கு முப்பது ரூபா குடுத்தோம் பாருங்க, அதுலதான் வண்டி ஓடுச்சி. மூட்டை ஏத்தக் கூடாதுன்னு ஆர்டர் வந்துது. ஓனரு ஒரு மாசம் வெறும் வண்டியா ஓட்டிப் பாத்தாரு. கட்டுப்படி ஆவல, நிறுத்திட்டாரு.”

மூட்டைகள் இல்லாவிட்டால் பஸ்ஸே இல்லை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. பதினைந்து வருடமாகப் பஸ்களைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த 6.40 வண்டி 7.05க்கு மெயின் ரோடு சேரும். 7.20க்கு அங்கே விழுப்புரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வேன் வரும். பதினைந்து நிமிட இடைவெளியில் மூட்டைகள் கை மாறும். திரும்பி வரும்போது அதே பஸ் மாட்டுத் தீவனம், மல்லாட்டை எனும் நிலக்கடலை விதை, பெட்டிக்கடைச் சரக்கு எல்லாம் கொண்டுவரும். இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை, இருபது மூட்டை சேர்ந்தால்தான் ஒரு குட்டி யானை, அதாவது சின்ன லோடு வண்டி, ஊருக்குள் வருகிறது.

“வெண்டக்கா காத்துக்கினு நிக்குமா? ஒரு நா விட்டு ஒரு நா பறிக்கணும். மூணாவது நா முத்திப் போவும், நுனிய ஒடிச்சா ஒடியாது. பாதிக் கொல்லைய சும்மா போட்டுட்டோம்.” பிறகு மகள் பக்கம் தலையசைத்தார். “இவ விழுப்புரத்துல லேப் டெக்னீசியன் படிச்சிக்கினு இருந்தா. ரெண்டு மாசம் அவங்கப்பா டூவீலர்ல கொண்டாந்து உட்டாரு. அப்பறம் முடியல. நின்னுட்டா.”

அந்தப் பெண் நிமிரவே இல்லை. சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். “வேற காலேஜ் பஸ் ஏதாவது…” என்று உளறினேன். சகுந்தலா அம்மா ஒரு பையில் இரண்டு கிலோ காய் போட்டு என் கையில் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பையை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அன்று லோடு நாள். 12.40க்குக் குட்டி யானை வந்தது. ஓட்டுநர் ஏழுமலை. காக்கிச் சட்டை இல்லாததால் எனக்கு உடனே பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, நான் சத்தம் போட்ட அதே கண்டக்டர். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் சகுந்தலா அம்மா அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் என் பக்கம் திரும்பி, “ஏறுங்க சார், ஜல்தி. திண்டிவனம் போறேன்” என்றார்.

ஊரிலிருந்து திண்டிவனம் 67 கிலோமீட்டர். பகல் நேரத்தில் விழுப்புரத்தில் ஏலம் கிடையாது, காலையிலேயே முடிந்துவிடும். திண்டிவனத்தில் மாலையில் சென்னைக்கு ஏற்றும் லாரியைப் பிடித்தால்தான் காய் விலைபோகும். விழுப்புரம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் இரண்டு பக்கமும் லாரிகள். சிமென்ட், கம்பி, கார்களை அடுக்கிய நீள வண்டிகள். இந்தச் சாலையை எத்தனை முறை புகழ்ந்து எழுதியிருக்கிறேன்! ஒரு கிராமம் இந்தச் சாலைக்கு வந்துசேர அந்த ஏழு கிலோமீட்டர்தான் வேண்டியிருந்தது. அதை நான் அறுத்துவிட்டேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். இரண்டு டீ, 30 ரூபாய். கண்ணாடித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“ஏழுமலை, அந்தப் போட்டோ போட்டவன் நான்தான்.”

“தெரியும் சார்.”

“எப்படி?”

“காலுல மூட்ட பட்டுச்சின்னு அவ்வளோ சத்தம் போட்டீங்களே. மூஞ்சி மறந்துடுமா?”

டீயை ஆற்றியபடியே சொன்னார். வண்டி நின்ற பிறகு நான்கு மாதம் வேலை இல்லையாம். பிறகு மச்சானின் இந்த வண்டியை ஓட்ட வந்திருக்கிறார். “எனக்கு ஒன்னும் இல்ல சார், ஸ்டியரிங் புடிக்கத் தெரியும், பொழச்சிக்கினேன்.”

“தெரிஞ்சும் ஏன் ஏத்திக்கிட்டீங்க?”

“நானா ஏத்தினேன்? அன்னிக்கி வண்டியில இருந்துச்சே, அந்தம்மாதான் சொல்லிச்சி. ‘அந்த ஆளுதான் வந்துகிறாரு, கூட்டிக்கினு போயி உட்டுடு. இங்க பஸ்ஸு கெடையாது, எப்பிடிப் போவாரு’ன்னு.”

அவர் டீயைக் குடித்து முடித்து எழுந்துவிட்டார். நான் யாரென்று தெரிந்துதான் சகுந்தலா அம்மா எனக்கு அவ்வளவும் விளக்கியிருக்கிறார். மகளையும் காட்டியிருக்கிறார். நான் சொல்வேனா என்று பார்த்திருக்கிறார். நான் காலேஜ் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன்.

3.35க்குத் திண்டிவனம் மார்க்கெட். மூட்டைகளை அவிழ்த்தபோது இரண்டைத் தனியே தள்ளினார்கள், முற்றல். என் காசில் ஈடுகட்டுகிறேன் என்றேன். ஏழுமலை வேண்டாம் என்று கையசைத்தார். “அடுத்த லோடுக்கும் குடுப்பீங்களா சார்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஏழுமலையிடம் எண் வாங்கி, சகுந்தலா அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். “செரி தம்பி” என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கும் துணிவும் வரவில்லை. மினி பஸ் உரிமையாளரைப் போய்ப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கம் மூட்டைகளுக்குத் தனித் தடுப்பு வைத்து அனுமதி கிடைத்தால் வாரம் மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்கிறார். அந்த மனுவுக்காக இதுவரை இரண்டு முறை விழுப்புரம் போய்வந்தேன். இன்னும் முடிவாகவில்லை. பழைய பதிவை நான் அழிக்கவில்லை. நடந்ததையெல்லாம் அதன் மேலேயே எழுதியிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஊர்ப் பெயரை இம்முறை எழுதவில்லை, பழைய பதிவிலும் நீக்கிவிட்டேன். திருவெண்ணெய்நல்லூர் வரை பஸ் உண்டு. ஆற்றங்கரைக்கு ஆட்டோ, போய்வர 400 ரூபாய், மாலை ஐந்துக்குள் திரும்பிவிடுங்கள். திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். உள்ளூர் வண்டிகளில் மூட்டையோடு யாராவது ஏறினால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். உங்கள் டிக்கெட்டில் பாதியை அந்த மூட்டைதான் கட்டுகிறது.

அம்மாவோடு இரண்டு மணி நேரம் நின்ற அந்த வாசகருக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். நேரத்தை நான் தப்பாக எழுதவில்லை ஐயா, வண்டியை நிறுத்தியதே நான்தான் என்று.